வெள்ளிக்காசில் ஒரு மூக்கு

"உங்களை இன்னிக்குக் காலையில மியூசியத்துல பார்த்தேன்" என்றார் டீச்சர், ஒரு கண்ணை மூடிக்கொண்டு அட்டையின் நாலாவது வரியைப் படித்துக்கொண்டே.

கண்ணாடிக்காரர் சோதனை பிரேமில் இருந்த லென்ஸை எடுத்துவிட்டு வேறொன்றைச் செருகினார். "நான் காலையிலேர்ந்து கடையிலதான் இருக்கேன், டீச்சர். இப்ப நல்லாத் தெரியுதா?"

"தெரியுது. நீங்க நேர்ல இல்ல. காசுல இருந்தீங்க."

"எந்தக் காசுல?"

"ரோமானியக் காசு. வெள்ளி. ரெண்டாயிரம் வருஷத்துக்குப் பக்கமாச்சுன்னு எழுதி வெச்சிருக்காங்க. தலையில இலைக் கிரீடம் வெச்சுக்கிட்டு, இப்படி ஒரு பக்கமாத் திரும்பிக்கிட்டு உம்முன்னு இருக்கீங்க."

பவர் கூடியிருக்கிறது என்று முடிவுகட்டி, கண்ணாடிக்காரர் சீட்டில் கால் புள்ளி ஏற்றி எழுதினார். விஷயம் அதோடு முடிந்திருக்கும். ஆனால் டீச்சர் படியிறங்கும்போது திரும்பி நின்று சொன்னார். "அந்தக் காது கூட அப்படியே இருக்கு. கீழ்ப்பக்கம் கடிச்ச மாதிரி."

கடித்த மாதிரி இல்லை, கடித்ததுதான். ஆறு வயதில் ஒரு வாத்து அவருடைய இடது காதின் கீழ் நுனியைக் கவ்விக்கொண்டு போய்விட்டது. வாத்து கடித்த காதுள்ள ராஜா ஒருவர் ரோமாபுரியில் இருந்திருக்கலாம். மறுப்பதற்கில்லை. ஆனாலும் மத்தியானம் கதவில் 'இதோ வருகிறேன்' பலகையை மாட்டிவிட்டு, சட்டைப்பையில் மில்லிமீட்டர் ஸ்கேலோடு அவர் மியூசியத்துக்குக் கிளம்பிவிட்டார்.

இருபத்திரண்டு வருஷமாக மூக்குகளோடு பழகியவர். ஆள் பெயர் மறந்துபோகும், மூக்கு மறக்காது. தெருவில் எதிரே வருபவரைப் பார்த்தால், இவருக்கு இன்ன அளவு பிரேம் உட்காரும், இவருக்கு வழுக்கும் என்று மனம் தானாகக் கணக்குப் போடும். அப்படிப்பட்டவர் காசுக் கூடத்தில் இருந்த ஒரே கண்ணாடிப் பெட்டியின் முன்னால் நின்றதும் கைகால் ஓடாமல் நின்றுவிட்டார்.

பெட்டிக்குள் இருந்த காசு சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரியது. எத்தனையோ கைகள் பட்டுத் தேய்ந்து, முகம் இருந்த இடத்தில் ஒரு மேடுதான் மிச்சம். அதன் மேலே, சுவரில், சாப்பாட்டுத் தட்டு அகலத்தில் வெள்ளைப் பிளாஸ்டரில் இரண்டு வட்டங்கள். 'புதிதாக இருந்தபோது இந்தக் காசு' என்று அட்டை சொன்னது. முதல் வட்டத்தில் தாடி, நடுவில் ஒரு முடிச்சோடு கீழே வளைந்த மூக்கு, குறைப்பட்ட காது. இரண்டாம் வட்டத்தில் சிறகு முளைத்த பெண் ஒருத்தி, கையில் வெற்றி வளையத்தை நீட்டிக்கொண்டு நின்றாள்.

அவர் ஸ்கேலை எடுத்து மூக்கருகே கொண்டுபோனார்.

"தொடக் கூடாது சார்" என்று காவலாளி வந்தார். வந்தவர் இவரைப் பார்த்தார், சுவரில் இருந்த பிளாஸ்டர் தட்டைப் பார்த்தார், மறுபடி இவரைப் பார்த்தார். மெதுவாகத் தொப்பியைக் கழற்றினார். "வாங்க" என்றார், வேறு என்ன சொல்வது என்று தெரியாமல்.

"அந்தச் சிறகு வெச்ச பொண்ணு யாரு?"

"வெற்றி தேவதை. அந்தக் காலத்துல பேப்பரா, ரேடியோவா? ராஜா எதையாவது ஜெயிச்சா காசுல அடிச்சு விட்டுருவாங்களாம். ஊருக்கே சேதி போயிரும். மேடம் சொல்லிக் குடுத்திருக்காங்க." காவலாளி குரலைத் தாழ்த்தினார். "நீங்க சமீபத்துல எதையாவது ஜெயிச்சீங்களா சார்?"

போன வாரம்தான் கண்ணாடிக்காரர் தெரு வியாபாரிகள் சங்கத்துக்குச் செயலாளராகியிருந்தார். எதிர்த்து யாரும் நிற்கவில்லை, இருந்தாலும் வெற்றி வெற்றிதான். சங்கத்து ஆட்கள் கடைக்கே வந்து அவர் கையைப் பிடித்து உயரத் தூக்கிக் கத்திவிட்டுப் போயிருந்தார்கள். பிடரியில் யாரோ ஈரக் கையை வைத்தது போலிருந்தது அவருக்கு.

டீச்சர் வாய் சும்மா இருக்குமா? வாரம் முடிவதற்குள் பாதித் தெரு மியூசியத்துக்குப் போய்வந்துவிட்டது. "மகாராஜா, என் பிரேம் எப்ப வரும்?" என்றார் பக்கத்துத் தையற்கடைக்காரர். கண்ணாடிக்காரர் யோசித்தார். ஜாடைக்குக் காரணம் தாடி. தாடி போனால் ஜாடையும் போகும். சவரக் கடையில் போய் உட்கார்ந்து, பதினைந்து வருஷத் தாடியைச் சுத்தமாக மழித்துக்கொண்டு வந்துவிட்டார்.

அன்று மத்தியானம் சாப்பாட்டு டப்பாவோடு அவர் மனைவி கடைக்கு வந்தாள். எட்டு நாளாக இருவருக்கும் பேச்சு இல்லை. உறவுக்காரர்கள் நிறைந்த கூடத்தில், "கண்ணாடி போடறதுக்குன்னே பிறந்த மூக்கு உன் தங்கச்சி மூக்குதான்" என்று அவர் தொழில்முறையில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டிருந்தார். அன்றிலிருந்து டப்பா வரும், பேச்சு வராது.

அவள் டப்பாவை மேசையில் வைத்துவிட்டு நிமிர்ந்தாள். ஜன்னலோரம் லென்ஸை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தவரின் மோவாயைக் கண்டாள். அதில் ஒரு குழி இருந்தது. கல்யாணத்துக்கு முன்பே தாடிக்குள் போய்விட்ட குழி.

"இத்தனை வருஷமா இதையா மறைச்சு வெச்சிருந்தீங்க?" என்று சிரித்துவிட்டாள். சிரித்த பிறகு கோபத்தை எங்கே தேடுவது? அவர் கையை நீட்டினார், அவள் பிடித்துக்கொண்டாள். கடையில் வேறு யாரும் இல்லை. அதை அவர் பிற்பாடு பலமுறை நினைத்துப் பார்த்தார். ஒரு ஈ காக்கை இல்லை.

திங்கட்கிழமை காசு மாறியது. வாரத்துக்கு ஒன்றாக வைக்கிறார்களாம். தாடி மழித்த தைரியத்தில் அவரே மனைவியைக் கூட்டிக்கொண்டு போனார்.

தட்டில் மழுங்கச் சிரைத்த முகம். அதே மூக்கு, அதே காது. மோவாயில் குழி.

"இது வேற ராஜா சார்" என்றார் காவலாளி, மரியாதையாகச் சற்றுத் தள்ளி நின்று. "போன வாரத்து ராஜாவுக்கு நூறு வருஷம் முந்தினவராம்."

இரண்டாம் வட்டத்தில் ஆள் இல்லை, தேவதை இல்லை. இரண்டு கைகள் மட்டும், ஒன்றையொன்று பற்றிக்கொண்டிருந்தன.

"அதுக்கு ஒற்றுமைன்னு அர்த்தம். சண்டை தீர்ந்து சமாதானமாயிட்டோம்னு சொல்றதுக்கு அடிக்கிறது."

கண்ணாடிக்காரர் ஓரடி பின்வாங்கினார். மனைவியோ தட்டுக்குக் கிட்டே மூக்கைக் கொண்டுபோய்ப் பார்த்தாள். "வலது பக்கக் கை என்னோடதுதான்" என்றாள். "விரல் பாருங்க. வளையலைத்தான் விட்டுட்டாங்க."

"உனக்குப் பயமா இல்லையா?"

"எதுக்குப் பயம்? உங்க கூட இத்தனை வருஷம் இருக்கேன், ஒரு போட்டோவுல சேர்ந்து நின்னிருக்கோமா? யாரோ ஒருத்தன் ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடியே என்னை மதிச்சிருக்கான்."

அவளிடம் பேசிப் பயனில்லை என்று அவர் தனியாக யோசித்தார். யோசனை கடைசியில் தொழிலிலேயே வந்து நின்றது. ரோமாபுரியில் மூக்குக்கண்ணாடி கிடையாது. எந்த ராஜாவும் போட்டிருக்க முடியாது. ஆகவே, பார்வையில் ஒரு குறையும் இல்லாத அவர், கடையிலேயே கனமான கறுப்பு பிரேம் ஒன்றை எடுத்து, வெறும் கண்ணாடியை மாட்டிப் போட்டுக்கொண்டார். கனம் என்றால் அப்படிக் கனம். யாரும் வாங்காமல் ஆறு வருஷம் கிடந்த பிரேம். போதாததற்கு, தெருவில் யாராவது உற்றுப் பார்ப்பதாகத் தோன்றினால் மேசைத் துணியைத் தூக்கி முகத்தில் வைத்துக்கொண்டார்.

அடுத்த திங்கட்கிழமை மியூசியத்தில் காவலாளி அவருக்காகக் கதவைத் திறந்துபிடித்தார்.

"கண்ணாடி இருக்கா?" என்றார் இவர், வாசலிலேயே.

"இல்ல சார். கண்ணாடி இல்ல."

அப்பாடா என்று உள்ளே போனார். உண்மைதான், தட்டிலிருந்த முகத்தில் கண்ணாடி இல்லை. ஆனால் மூக்குத் தண்டின் பக்கவாட்டில், கனமான பிரேம் ஒன்றைக் கொஞ்ச நேரம் முன்புதான் கழற்றிவைத்தது போல, அவரைக்காய் வடிவத்தில் ஒரு சின்னப் பள்ளம் இருந்தது.

அவர் கறுப்பு பிரேமைக் கழற்றித் தன் மூக்கைத் தடவிப் பார்த்தார். அதே இடம். பக்கத்து வட்டத்தில் ஒரு பெண் உட்கார்ந்து, முக்காட்டுத் துணியை முகத்தருகே இழுத்துக்கொண்டிருந்தாள்.

"சார், ஒரு சின்ன விஷயம்" என்று காவலாளி தயங்கித் தயங்கி வந்தார். "வாசல்ல எனக்கு நேரே வெயில் அடிக்குது. உள்ளே மாத்திவிடச் சொல்லி நீங்க ஒரு வார்த்தை சொன்னா..."

"நான் யாரு சொல்றதுக்கு?"

காவலாளி தட்டைப் பார்த்தார்.

அன்றுதான் அவர் மேடத்தைப் பார்த்தார். காசுகளுக்கெல்லாம் பொறுப்பாளர், தடித்த கண்ணாடி போட்ட அம்மாள். பிரேம் ஒருபக்கம் இறங்கியிருந்தது. அந்தக் கலவரத்திலும் அவர் கை தானாகப் போய் அதைச் சரிசெய்தது.

"முக்காடு இழுக்கறது என்ன அர்த்தம், மேடம்?"

"அடக்கம். ராஜா வீட்டுப் பொம்பளைங்க பெருமைக்காக அடிச்சது. முகத்தை மறைச்சுக்கறா, பாருங்க." மேடம் இறங்கிய கண்ணாடி நேரானதில் சந்தோஷமாகி மேலே சொன்னார். "இந்தக் காசுல எதுவும் சும்மா இருக்காது. சுக்கான் பிடிச்சிருந்தா அதிர்ஷ்டம். தராசுன்னா நியாயம். பூவைத் தூக்கிப் பிடிச்சா நம்பிக்கை."

"ராஜா செத்துப்போனா?"

"அதுக்கும் உண்டு. எரியூட்டும்போது ஒரு கழுகைப் பறக்க விடுவாங்களாம். அது ராஜாவோட உயிரை மேல தூக்கிட்டுப் போகுதுன்னு நம்பிக்கை. அவரைச் சாமியாக்கிட்டு, கழுகு போட்டுக் காசு அடிப்பாங்க. தலையில கிரீடம் இருக்காது பெரும்பாலும். ராணின்னா மயில்."

"அந்தக் கழுகுக் காசு இங்க இருக்கா?"

"இருக்கே."

"அதை எப்ப வைப்பீங்க?"

"எப்ப வருதோ அப்ப" என்றார் மேடம் சாதாரணமாக.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்த ஐந்து சொற்களும்... இல்லை, மூன்று சொற்கள்தான், பயத்தில் அவருக்கு ஐந்தாகக் கேட்டன. எப்ப வருதோ அப்ப. அவர் கணக்குப் போட்டுப் பார்த்தார். ஜெயித்தார், காசில் வந்தது. கைகோத்தார், வந்தது. முகத்தை மறைத்தார், அதுவும் வந்துவிட்டது. செய்வதெல்லாம் காசில் ஏறுகிறது என்றால், எதுவுமே செய்யாமல் இருந்துவிட்டால்? அடிப்பதற்கு விஷயமே கிடைக்காதல்லவா?

மறுநாளிலிருந்து கடை திறக்கவில்லை. படுக்கையறையில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். சுவரைப் பார்ப்பது ஒரு செயலாகிவிடுமோ என்று கண்ணை மூடிக்கொண்டார்.

"உடம்புக்கு என்ன?" என்றாள் மனைவி.

"ஒண்ணுமில்ல. நான் ஒண்ணும் செய்யாம இருக்கேன்."

"அதை எப்பவும் செய்யறதுதானே. படுத்துக்கிட்டா செய்யணும்?"

திங்கட்கிழமை டீச்சர் போன் செய்தார், தன் கண்ணாடி என்ன ஆயிற்று என்று கேட்க. இவர் மியூசியத்தைப் பற்றி விசாரித்தார்.

"இந்த வாரம் காசு மாத்தல. முக்காடு போட்டவளே உக்காந்திருக்கா. ஏன்னு தெரியல."

கண்ணாடிக்காரருக்கு எழுந்து ஆடவேண்டும் போலிருந்தது. ஆடினால் அது காசில் வந்துவிடும் என்று படுத்தபடியே சந்தோஷப்பட்டார். மருந்து வேலை செய்கிறது. இன்னும் ஒரு வாரம் இப்படியே இருந்தால் ரோமாபுரி தன்னை மறந்துவிடும். அந்த வாரம் அவர் சாப்பிடுவதைக்கூடப் பாதியாகக் குறைத்தார். கன்னம் ஒட்டிப்போனது. அண்டை வீட்டார் வாசலில் நின்று மனைவியிடம் தாழ்ந்த குரலில் விசாரித்துவிட்டுப் போனார்கள்.

அடுத்த திங்கட்கிழமை மறுபடி போன். இந்த முறை டீச்சர் கண்ணாடியைப் பற்றிக் கேட்கவில்லை.

"உடம்பு எப்படி இருக்கு?" என்றார். டீச்சர் அப்படிக் கேட்டதே இல்லை.

"ஏன் டீச்சர்?"

"சும்மாதான். காசு மாத்தியிருக்காங்க. தலையில ஒண்ணும் இல்லாம இருக்கீங்க. முகத்துல ஒரு... எப்படிச் சொல்றது, ஒரு அமைதி. அந்தப் பக்கம் ஒரு கழுகு."

அவர் போனை வைத்துவிட்டு மனைவியைக் கூப்பிட்டார். கடைச் சாவி எந்த ஆணியில் தொங்குகிறது, யார் யாருடைய லென்ஸ் எந்தப் பெட்டியில் இருக்கிறது, டீச்சரின் பிரேமுக்கு இடது பக்கத் திருகாணி மாற்றவேண்டும் என்றெல்லாம் நிதானமாகச் சொன்னார். "உன் தங்கச்சி மூக்கைப் பத்திச் சொன்னது தப்புதான்" என்றார் கடைசியாக. "உன் மூக்குதான் ஒசத்தி."

அதுவரை இடுப்பில் கைவைத்துக் கேட்டுக்கொண்டிருந்தவளின் முகம் அந்தக் கடைசி வாக்கியத்தில் மாறிவிட்டது. அவர் தோற்றதாக ஒருநாளும் ஒப்புக்கொண்டவர் இல்லை. அவள் சட்டையை எடுத்து அவர்மேல் போட்டாள். "எழுந்திருங்க. நேர்ல போய் அந்த மேடத்தையே கேட்டுருவோம்."

"கேட்டு என்ன ஆகப்போகுது?"

"எடுக்கச் சொல்லுவேன். இல்ல, ராணிக்கு மயில்னு சொன்னீங்களே, எனக்கு அதையும் சேர்த்து வைக்கச் சொல்லுவேன்." இருவரும் தெருவில் கைகோத்தே நடந்தார்கள். யார் பார்த்தால் என்ன, இனி எந்தக் காசில் வந்தால் என்ன.

வாசலில் காவலாளி அவரைக் கண்டதும் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டார். தொப்பியை மார்போடு அணைத்துப்பிடித்து, தலை குனிந்து, வழிவிட்டார்.

கூடத்தில் நல்ல பகல் வெளிச்சம். ஆனால் உள்ளே சில்லென்று இருந்தது. டீச்சர் சொன்னது சரிதான். தட்டில் கிரீடமில்லாத தலை. கன்னம்கூட ஒட்டிப்போயிருந்தது. இரண்டு வாரமாக அவரை வீட்டுக்குள் மனைவியைத் தவிர ஒரு ஜீவன் பார்த்ததில்லை. இமை பாதி இறங்கி, எதையும் வேண்டாத ஒரு முகம். எப்போதையும்விட அழகாக இருந்தார். பக்கத்தில் கழுகு சிறகை விரித்துத் தயாராக நின்றது.

மனைவி அவர் கையை இறுக்கினாள். அவளுக்கும் இப்போது பயம் வந்துவிட்டது.

மேடம் அறையிலிருந்து வந்தார். "அட, வாங்க. உங்களைத்தான் எல்லாரும் கேட்டுக்கிட்டு இருந்தாங்க."

"மேடம், இதை எடுத்துருங்க" என்றாள் மனைவி. "ஆயிரம் காசு இருக்கும் உங்ககிட்ட. இந்த வாரம் இதைத்தான் வைக்கணும்னு யார் சொன்னது?"

"நான் சொல்லலையே. எந்த வாரம் எந்தக் காசுன்னு நான் முடிவு பண்றதில்ல. இந்தப் பிளாஸ்டர் மாடல் செய்யறவர்கிட்ட காசையெல்லாம் பெட்டியோட குடுத்துட்டேன். அவர் மனசுக்கு எது தோணுதோ அதை எடுத்துச் செஞ்சு கொண்டுவருவார். இதோ, அவரே வந்துட்டாரே."

கதவருகே ஒரு ஒல்லியான மனிதர் நின்றிருந்தார். கையில் மரப்பெட்டி. சட்டை, தலைமுடி, கண்ணிமை எல்லாம் பிளாஸ்டர் தூள். கண்ணாடிக்காரர் அவரை வாழ்நாளில் பார்த்ததில்லை. ஆனால் அந்த மனிதர் இவரைப் பார்த்ததும் பெட்டியைத் தரையில் போட்டார். வெள்ளைத் தூளுக்குள் முகம் இன்னும் வெளுத்தது.

அந்த மனிதர் ஒவ்வொரு அடியாக எடுத்துவைத்துக் கிட்டே வந்தார். நேரே பார்த்தவருக்கு அடையாளம் தெரியவில்லை போலிருக்கிறது. சுற்றிக்கொண்டு கண்ணாடிக்காரரின் இடது பக்கமாகப் போய் நின்று, குனிந்து, அந்தக் காதைப் பார்த்தார். பிறகு ஒற்றை விரலால் தோளைத் தொட்டார். தோள் சூடாக இருந்தது.

மாடல் செய்பவரின் கண்ணில் நீர் தளும்பிவிட்டது.

"உயிரோடதான் இருக்கீங்களா சார்? பன்னிரண்டு நாளா உங்க கடை ஜன்னல் பூட்டியே கிடந்ததைப் பார்த்து, சரி, நம்ம ராஜா போய்ச் சேர்ந்துட்டாருன்னு எதிர் மாடியில உக்காந்து அழுதுக்கிட்டேதான் அந்தக் கழுகைச் செஞ்சேன்."